இருபத்திநான்கு செலின்கள்

மரியான்துறை ஐஸ் பிளாண்ட் தெருவில், கடலுக்கு முதுகும் ரோட்டுக்கு முகமுமாக நிற்கும் பச்சை வீட்டில், ஜெனோவாவுக்குப் பெண்குழந்தை பிறந்து, தொட்டில் கட்டி, செலின் என்று கூப்பிடவும் தொடங்கி, பதினோராம் நாள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளவெயில் படும்படி பாயில் போட்டிருந்தபோதுதான், அந்தக் குழந்தை அசைகிற அசைவில் நடுவே கொஞ்சம் கொஞ்சம் இல்லை என்பது தெரியவந்தது. கை தலைமாட்டில் இருந்தது, அப்புறம் வாயில் இருந்தது. தலைமாட்டிலிருந்து வாய்க்கு வந்த வழியில் அந்தக் கை இல்லை. கால் மடங்கியிருந்தது, அப்புறம் நீட்டியிருந்தது. நீண்டதை யாரும் பார்க்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கம் கெட்ட கண், அப்படித்தான் தெரியும் என்று ஜெனோவா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். துடைத்த பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"அத்த, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள்.

மாமியார் செபத்தியம்மாள் கையில் கரண்டியோடு வந்து, குனிந்து, ஒரு சாமான் வாங்கும்போது புரட்டிப் பார்க்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஆமா, விட்டு விட்டுத்தான் அசையுது" என்றாள். "உன் மாமனாரு பேச்சு அப்படித்தான் இருக்கும், விட்டு விட்டு. குழம்பு கொதிக்குது, நான் போறேன்."

போய்விட்டாள். ஜெனோவா குழந்தையை அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் பார்த்ததைவிடப் பெரிய பயம் ஒன்று அவளைப் பிடித்தது. ஏனென்றால் மடியில் கனம் இருந்தது, இல்லை, இருந்தது, இல்லை, இருந்தது. ஈ இறக்கை அடிக்கிற வேகத்தில் அவள் பிள்ளை மடிக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

ஜெனோவாவின் வீட்டுக்காரன் ஜெரால்டு கப்பல்காரன். எட்டாம் மாத வயிற்றைத் தடவிக்கொடுத்துவிட்டு ஏறிப்போனவன், ஒன்பது மாதக் கெடு என்று போய், கெடு முடிந்த பிறகும் மாற்றுக்கு ஆள் கிடைக்காமல் பிள்ளையின் முதல் வருஷம் முழுவதும் எந்தெந்தத் துறைமுகத்திலோ சுற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பதினோராம் நாள் வீடியோவில் வந்தபோது அவள் அழுதுகொண்டே போனைக் குழந்தை பக்கம் திருப்பினாள்.

"என்ன, நல்லாத்தான இருக்கா?" என்றான் அவன்.

"நல்லா பாருங்க. அசையும்போது பாருங்க."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். அவ நல்லாத்தான் இருக்கா ஜெனோ. நீதான் விட்டு விட்டு வர்ற."

அப்படியாக, உலகத்திலேயே அந்தக் குழந்தையிடம் ஒரு வித்தியாசமும் காணாத ஒரே ஆள் அதன் தகப்பனாகவே இருந்தான். கப்பல் நெட்டில் கடலும் கட்டிலும் கல்யாணம் கட்டிய பெண்டாட்டியும் எல்லாமே வெட்டி வெட்டித்தான் வந்தன.

தெருவுக்கு விஷயம் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் மீன்காரி பவுலம்மா வந்தாள், கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள், "சாளை துள்ளுறதும் இப்படித்தான், நடுவுல எங்க போகுதுன்னே தெரியாது" என்று ஒரு கை சாளையைச் சும்மாவே போட்டுவிட்டுப் போனாள். கரண்டு ஆபீசிலிருந்து லைன்மேன் சண்முகையா வந்தார், மீட்டரைத் தட்டிப் பார்த்தார், இது ஒரு பேஸ் விட்டுப்போனதால் வருகிறது, குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை என்றார். டியூப் லைட் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிற சாமான், அதனால்தான் அதன் கீழே ஃபேன் சில நேரம் பின்னால் சுற்றுகிற மாதிரி தெரிகிறது, பிள்ளையின் தாளமும் டியூப் லைட்டின் தாளமும் மோதிக்கொள்கின்றன என்று அவர் சொன்னதை நம்பி, தெருவில் பதினாறு வீட்டிலும் டியூப் லைட்டைக் கழற்றிவிட்டுக் குண்டு பல்பு போட்டார்கள். ஐஸ் பிளாண்ட் தெரு அந்த வருஷம் முழுவதும் மஞ்சளாக, சப்பரம் வருகிற நாள் போல இருந்தது. குழந்தைக்கு ஒன்றும் மாறவில்லை. ஆனால் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லோர் முகமும் நன்றாக இருந்ததால் ஒருவரும் திரும்ப டியூப் லைட் மாட்டவில்லை.

மாமியார்தான் முதலில் பழகினாள். கஞ்சி ஊட்டும் பருவம் வந்தபோது ஜெனோவா கரண்டியைக் கொண்டுபோனால் வாய் இருந்த இடத்தில் கன்னம் இருக்கும், கன்னத்தில் கஞ்சி வழியும், அவள் அழுவாள். மாமியார் கரண்டியை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பாள்.

"வாய் வரும், அப்ப ஊட்டலாம். நாம எதுக்கு வாயைத் தேடிப் போகணும்?" என்பாள். கிண்ணம் காலியாகிவிடும்.

அப்புறம் தெருவும் பழகியது. கைதட்டிச் சிரிப்புக் காட்டுகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகத் தட்டினார்கள். முத்தம் கொடுக்க வருகிறவர்கள் குனிந்து, ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் கொடுத்தார்கள். மரியான்துறையில் இன்றைக்கும் குழந்தைகளை முத்தமிடுகிறவர்கள் அப்படி ஒரு மூச்சு நிறுத்தித்தான் முத்தமிடுகிறார்கள், ஏனென்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி நர்ஸ் தடுப்பூசியை இரண்டு தரம் காற்றில் குத்திவிட்டு மூன்றாம் தரம் பிள்ளையைப் பிடித்தாள். டாக்டரம்மா எடை போட்டு, "ஏழு கிலோ. இருக்கும்போது" என்று சொல்லி, 'இருக்கும்போது' என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாள்.

ஜெனோவா மட்டும் பழகவில்லை. பெற்ற தாய்மார் எல்லோரும் தூங்குகிற பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பார்கள், மூச்சு விரலில் பட்டதும் விரலை எடுத்துக்கொள்வார்கள். அவள் எடுக்கவே இல்லை. போய் வருகிறதே, அந்தப் போய் வருகிறதில் ஒரு தடவை போய், வராமல் இருந்துவிட்டால்? அந்த ஒரு கேள்விதான் அவளுக்கு. காலையில் பல் துலக்கும்போதும் அதுதான், சோறு வடிக்கும்போதும் அதுதான், செபமாலையில் ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் அதேதான்.

திருமுழுக்கு அன்று, மூன்று தரம் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கிற அன்று, அந்தக் கேள்விக்கு ஒரு கொம்பு முளைத்தது. ஃபாதர் வளன் தந்தை பெயராலே என்று ஊற்றினார், தண்ணீர் தலையில் விழுந்தது. மகன் பெயராலே என்று ஊற்றினார், விழுந்தது. தூய ஆவியார் பெயராலே என்று ஊற்றியபோது தலை இல்லை. தண்ணீர் நேராகப் போய், பிள்ளையை ஏந்தி நின்ற ஞானத்தாயின் பட்டுச்சேலையில் விழுந்தது. ஊற்றி முடித்தபோது தலை வந்துவிட்டது, சிரித்துக்கொண்டு.

சர்ச்சுக்குள்ளேயே சத்தம் எழும்பிவிட்டது. மூன்றாவது விழவில்லை என்றார்கள் ஒரு பக்கம். ஊற்றினதுதான் கணக்கு, விழுந்தது கணக்கில்லை என்றார்கள் இன்னொரு பக்கம். அப்படியானால் ஆவியார் என் சேலைக்குத்தான் இறங்கியிருக்கிறார், இனி இதைத் துவைக்கலாமா கூடாதா, அதைச் சொல்லுங்கள் முதலில் என்றாள் ஞானத்தாய்.

"எங்க விழுந்துச்சுன்னு கடவுளுக்குத் தெரியும்" என்றார் ஃபாதர்.

"எனக்குத் தெரியலையே ஃபாதர்" என்றாள் ஜெனோவா. பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் கையைக் கட்டி உட்கார்ந்து படித்தவள், ஃபாதரிடம் அதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். ஃபாதர் அவள் முகத்தைப் பார்த்தார். சந்தேகம் தீராவிட்டால் முதல் பிறந்தநாளன்று, 'இன்னும் பெறவில்லையென்றால்' என்ற வார்த்தையையும் சேர்த்து மறுபடி ஊற்றலாம், அதற்குத் திருச்சபையில் இடமிருக்கிறது என்றார். அதுவரை என் பிள்ளை மூன்றில் இரண்டு பங்குதான் என்று ஜெனோவா மனதில் வைத்துக்கொண்டாள்.

அன்று படம் எடுத்த ஸ்டுடியோ மிக்கேலும் ஆல்பத்தைத் தரவில்லை. பீடத்தருகே பிளாஷ் அடிக்கக்கூடாது என்று ஃபாதர் சொல்லிவிட்டதால், கேமராவின் கண்ணை ரொம்ப நேரம் திறந்து வைத்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. எல்லோரும் சிலை மாதிரி நிற்க, பிள்ளை மட்டும் எல்லாப் படத்திலும் கலங்கிப்போயிருந்தது. தொழிலில் இருபது வருஷம், இப்படி ஒரு ஆல்பத்தை எந்த முகத்தோடு கொடுப்பது என்று அந்த மனுஷன் வெட்கப்பட்டு, ஜெனோவா எதிரே வந்தால் சந்து மாறிப் போனார்.

இப்படியிருக்க, இமல்டா வந்தாள். இமல்டா ஜெனோவாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், சிமெண்ட் கடை மாடியில் எட்டு கம்ப்யூட்டர் போட்டு கேம் சென்டர் நடத்துகிறாள், யாருக்கும் பயப்படாதவள். வந்தவள், போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒரு வினாடியை இருநூற்று நாற்பது துண்டாக வெட்டுகிற மாதிரி வைத்து, பாயில் கிடந்த செலினைப் படம் எடுத்து, துண்டு துண்டாகத் தள்ளிக்கொண்டே எண்ணினாள்.

"இருபத்திநாலு" என்றாள். "ஏட்டி, உன் மக சினிமா கணக்குல பொறந்திருக்கா. பிலிம்ல ஒரு வினாடிக்கு இருபத்திநாலு படம்தான்."

ஜெனோவா போனை வாங்கிப் பார்த்தாள். ஒரு செலின், அப்புறம் வெறும் பாய். ஒரு செலின், அப்புறம் வெறும் பாய். அந்த வெறும் பாயில் பூப்போட்ட விரிப்பு சுருங்கியிருந்தது, பிள்ளை கிடந்த அச்சு அப்படியே இருந்தது, பிள்ளை இல்லை. அவள் நிமிர்ந்து, எதிரே பாயில் பிள்ளை கிடக்கிறதா என்று முழித்து முழித்துப் பார்த்தாள்.

"இதுக்குப் போய் ஏன்ட்டி முழிக்க? பிலிம் ஓடுறப்ப ரெண்டு படத்துக்கு நடுவுல திரை இருட்டாத்தான் இருக்கும். மூணு மணி நேரப் படத்துல ஒண்ணரை மணி நேரம் நாம இருட்டைத்தான் பார்த்துட்டு இருந்திருக்கோம். எவளாவது எந்திரிச்சுப் போனாளா?"

"அது படம், இமல்டா. இது பிள்ளை."

இமல்டா போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் இருபத்திநாலு என்பது தெருவில் பரவி, ஊரில் பரவி, மரியான்துறைக்கு அது ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள் 'சினிமாப் பிள்ளை'யைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிள்ளை வழுவழுவென்று கையை ஆட்டியது, சிரித்தது, காலை உதைத்தது. இதில் என்ன அதிசயம், எங்கள் வீட்டுப் பிள்ளையும் இதைத்தான் செய்கிறது என்று ஏமாந்து பஞ்சுமிட்டாய் வாங்கப் போனார்கள். "பக்கத்துல வந்து தூக்கிப் பாருங்க" என்பாள் மாமியார். தூக்கிப் பார்க்க ஜெனோவா யாருக்கும் கொடுக்கமாட்டாள்.

அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள். கான்வென்ட் லேபில் ஒரு ரீடிங்கை மூன்று தடவை எடுத்துச் சராசரி போடப் பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, செலினை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, தன் போனில் மூன்று தடவை படம் எடுத்து, மூன்று தடவை எண்ணுவாள். ஐந்தாம் மாதம் இருபத்திநாலு இருபத்திமூன்றானது. ஏழாம் மாதம் இருபத்தொன்று. ஒன்பதாம் மாதம் பத்தொன்பது. அதுவும் சீராக இல்லை. இரண்டு செலின் நெருங்கி வந்தால் அடுத்த செலின் வரத் தாமதமாகும், அந்தத் தாமதத்தில் மடி காலியாகி, ஜெனோவாவின் நெஞ்சு ஒரு அடி தவறும். குறைந்துகொண்டே போனால் கடைசியில் எத்தனை என்று கணக்குப் போட அவளுக்குத் தெரியும், போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பிள்ளையைக் கீழே விடவே இல்லை. இடுப்பிலேயே வைத்துத் துவைத்தாள், இடுப்பிலேயே வைத்துத் தண்ணீர் இறைத்தாள், இடுப்பிலேயே வைத்துப் பூசை கண்டாள். பிடித்துக்கொண்டிருந்தால் போய்விடாது என்பது அவள் எண்ணம். இடது இடுப்பு வலது இடுப்பைவிடத் தாழ்ந்து போனது. பத்து மாதமாகியும் செலின் தவழவில்லை, பதினொன்றாகியும் சுவரைப் பிடித்து நிற்கவில்லை. தரையென்று ஒன்று இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரு வாய் திறந்தது. விட்டு விட்டு அசைவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத தெரு, இதைச் சொன்னது.

"ஏம்மா, பிள்ளைக்குக் கால் எதுக்கு இருக்கு, கொலுசு மாட்டவா?" என்றாள் பவுலம்மா.

"விழுந்துரும் அக்கா."

"விழட்டுமே. விழாத பிள்ளை எந்த ஊர்ல நடந்துச்சு?"

மாமியார் பவுலம்மாவைக் கண்ணால் அடக்கினாள். அவள் ஒருநாளும் மருமகளைக் குறை சொன்னதில்லை; கஞ்சிக்கு வாய் வரும்வரை காத்திருந்த மாதிரி இதற்கும் காத்திருந்தாள். ஆனால் அன்று அடுப்படியிலிருந்தே, யாருக்கோ சொல்வது போல, "அதுக்கு இடுப்பு வலிக்காது, உனக்குத்தான் வலிக்கும்" என்றாள்.

எண்ணிக்கை பதினெட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனோவா பிள்ளையும் இடுப்புமாக சிமெண்ட் கடை மாடி ஏறினாள். கேம் சென்டரில் அப்போது யாருமில்லை. இமல்டா முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

"பதினெட்டு" என்றாள் ஜெனோவா.

இமல்டா அவளை இழுத்து மூன்றாம் நம்பர் நாற்காலியில் உட்கார வைத்தாள். திரையில் ஒரு சிவப்புக் கார் நின்றது.

"ஓட்டு. ஒத்தக் கையே போதும்."

ஜெனோவா பட்டனை அமுக்கினாள். கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. வளைவில் இவள் அமுக்கினதும் ஒன்று, அது போனதும் ஒன்றாகச் சுவரில் இடித்தது.

"என்ன இது, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. வெட்டி வெட்டி வருது."

"முப்பதுல ஓடுது. ஒரு வினாடிக்கு முப்பது படம். இப்ப கையை எடு. நான் ஓட்டுறேன், நீ பாரு."

இமல்டா ஓட்டினாள். கார் பாலத்தில் ஏறியது, வளைந்தது, தோப்புக்குள் புகுந்து வெண்ணெயில் கத்தி மாதிரி போனது.

"இப்ப கூட்டிட்டியா?"

"ஒண்ணும் கூட்டல. அதே முப்பதுதான். பார்க்கிறவளுக்கு அது போதும்ட்டி. சினிமாவுக்கு இருபத்திநாலே போதுமா இருக்கே, ஏன்? உன் கையில ஒண்ணும் இல்ல, அதான். கேம்ல கையில பிடிச்சிருக்க. பிடிச்சிருக்கிறவளுக்கு அறுபதும் பத்தாது. நீ ஒண்ணு நினைக்கிற, அது நடக்கிற வரைக்கும் உள்ள இடைவெளி கையில இடிக்கும்."

செலின் ஜெனோவாவின் தோளில் சாய்ந்தபடி முறுக்குக்காகக் கை நீட்டினாள், நீட்டிய கை அங்கே இருந்தது, பிறகு முறுக்கு அவள் கையில் இருந்தது.

"அப்ப இவளைக் கீழ விடச் சொல்றியா?"

"நான் கேமைச் சொன்னேன்" என்றாள் இமல்டா. சொல்லிவிட்டு, சும்மா இருக்கமாட்டாமல் எழுந்து, நாலாம் நம்பர் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "இது இருக்கே, இது புதுசு, அறுபது வரும். ஆனா திடீர்னு இருபதுக்கு விழும், திரும்ப ஏறும். இதுல உக்கார்ந்தவன் தலை சுத்தி வாந்தி எடுத்தான், ஒருத்தன் வர மாட்டான். நான் என்ன செஞ்சேன், முப்பதுலயே பூட்டிட்டேன். இப்ப இதுக்குத்தான் சண்டை. குறைஞ்சா கண்ணுக்குக் கேடில்ல ஜெனோவா. தாளம் தப்புனாத்தான் கேடு. நீ அவளை எண்ணுறப்பல்லாம் எங்க வச்சு எண்ணுற?"

"மடியில."

"நீ 'ஐயோ போயிட்டா'ன்னு இறுக்குவ. அவ பாட்டுக்கு ஒரு தாளத்துல வந்துட்டிருந்தவ தடுமாறுவா. தடுமாறினதைப் பார்த்து நீ இன்னும் இறுக்குவ. நல்ல ஜோடி."

ஜெனோவாவுக்குக் கோபம் வந்தது. பெற்றவளாயிருந்தால் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து, கல்யாணமே வேண்டாமென்று இருக்கிறவளிடம் அதைச் சொல்வது சரியில்லை என்று விழுங்கிக்கொண்டு, பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு படி இறங்கினாள். இறங்கிய சந்தில்தான் ஸ்டுடியோ மிக்கேல் அகப்பட்டார். சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வண்டி அந்தப் பக்கத்தை அடைத்திருந்ததால் அவருக்குச் சந்து மாற வழியில்லை.

"அண்ணே, ஆல்பம்" என்றாள் ஜெனோவா.

"அது சரியா வரல தங்கச்சி."

"எப்படி வந்ததோ அப்படியே குடுங்க. ஒருவேளை..." என்றவள், ஒருவேளை இனி எடுக்க முடியாமல் போனால் என்பதைச் சொல்லாமல் நிறுத்தினாள். மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டுடியோவுக்குப் போய், மேஜையின் அடித்தட்டிலிருந்து ஆல்பத்தை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

அவள் கடை வாசலிலேயே நின்று பிரித்தாள். ஞானத்தாய் துல்லியமாக இருந்தாள், சேலைக் கரையில் மாங்காய் கூடத் தெரிந்தது. மாமியார் இருந்தாள், மூக்குத்தி மின்ன. ஃபாதர் இருந்தார். நடுவில் செலின் கலங்கியிருந்தாள். கை, தலைமாட்டுப் போர்வையிலிருந்து ஃபாதரின் கழுத்துப் பட்டை வரைக்கும், ஈரத் துணியால் சாக்பீஸ் கோட்டைத் துடைத்த மாதிரி ஒரே இழுப்பாக இருந்தது. அடுத்த படத்தில் கால், மடங்கின இடத்திலிருந்து நீண்ட இடம் வரைக்கும் வெள்ளையாகப் பரவியிருந்தது. ஜெனோவா ஒரு பக்கத்தைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள், திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள்.

கை போர்வையில் இருந்தது. பட்டையில் இருந்தது. நடுவிலும் இருந்தது. போன வழியெல்லாம் இருந்தது.

பொட்டென்று மூடித் திறந்த போனில் வெறும் பாய் கிடந்தது. கண்ணை மூடாமல் திறந்து வைத்த கேமராவில் ஒரு இடம் விடாமல் பிள்ளை கிடந்தது. கடைசிப் பக்கம் மூன்றாவது தண்ணீர். சொம்பிலிருந்து தண்ணீர் கண்ணாடி நாடா மாதிரி இறங்குகிறது. அதன் பாதையில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற ஒரு சின்னத் தலையின் கலங்கல், நனைந்து, நாடாவுக்குள்ளேயே நெற்றியும் கண்ணும் கரைந்து தெரிய, கடந்துகொண்டிருக்கிறது. அதைக் கடந்த பிறகுதான் தண்ணீர் ஞானத்தாயின் சேலைக்குப் போயிருக்கிறது.

"சரியா வரல இல்லையா?" என்றார் மிக்கேல் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணே, இதைவிடச் சரியா யாருக்கும் எடுக்க வராது" என்றாள் ஜெனோவா. சந்தில் நின்று அவள் அழுததைச் சிமெண்ட் இறக்குகிறவர்கள் பார்த்து, ஆல்பத்துக்கு ரொம்பக் கேட்டுவிட்டான் போல என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து வாசல்நடையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாயை விரித்தாள். பாயில் செலினை உட்கார வைத்தாள். கையை எடுத்தாள், எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில், கட்டிக்கொண்டாள். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி உள்ளே போய், இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள் என்றும் சொல்லலாம்.

செலின் தரையைத் தட்டினாள். தரை பிடித்துப்போயிற்று. மூன்றாம் நாள் தவழ்ந்தாள், எட்டாம் நாள் தொட்டில் கயிற்றைப் பிடித்து எழுந்தாள். எண்ணிக்கை பதினெட்டிலேயே பூட்டிக்கொண்டது என்று இமல்டா சொன்னாள்; சீராக, ஐஸ் பிளாண்ட் மிஷின் ஓடுகிற மாதிரி சீராக. ஜெனோவா அதற்குப் பிறகு எண்ணவில்லை.

முதல் பிறந்தநாளுக்கு முந்தின நாள் ஜெரால்டு வந்து இறங்கினான். மூன்று பெட்டி, ஒரு பெரிய கரடி பொம்மை, தாடி. தெருவே கூடியிருக்க, "எங்க என் தங்கம்" என்று வாசலிலேயே பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தவன், அப்படியே நின்றுபோனான். இறுக்கினான். இன்னும் இறுக்கினான்.

"ஜெனோ" என்றான், குரல் இறங்கி. "இவ... கையில இருக்கா, இல்லாமப் போறா. ஜெனோ, இல்லாமப் போறா!"

"தெரியும்" என்றாள் ஜெனோவா.

"தெரியுமா? எப்ப இருந்து?"

"பதினோராம் நாள்ல இருந்து. நீங்கதான் 'நீதான் விட்டு விட்டு வர்ற'ன்னீங்க."

தெரு சிரித்தது. பவுலம்மா, "கப்பல்காரருக்கு இப்பதான் சிக்னல் கிடைச்சிருக்கு" என்றாள். ஜெரால்டு சிரிக்கவில்லை. இறுக்கின கையைத் தளர்த்தவும் இல்லை. அந்த இறுக்கத்துக்கு ஏற்ப செலினின் தாளம் தப்பி, கரடியின் காதைப் பிடித்த கை காதிலும் காற்றிலுமாகத் தடுமாறியது. ஜெனோவாவுக்கு அந்த இறுக்கம் தன் இடுப்பை அறிந்த மாதிரி தெரியும். ஒரு வருஷம் அவள் மட்டும் சுமந்த பயம் இப்போது இன்னொரு ஆளின் கையில் இருக்கிறதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, சொல்லக்கூடாது, கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

"இறக்கி விடுங்க" என்றாள்.

"விட்டா போயிருவா."

"இறக்கி விடுங்க. கையில வச்சிருந்தாத்தான் அப்படி இருக்கும்."

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். அவள் அவசரப்படுத்தவில்லை, வாய் வரும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாமியாரின் மருமகள்தானே. ஃபாதர் வளன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நாளைக்குத் தண்ணி ஊத்தணும்னு சொல்லியிருந்தேனே அம்மா" என்று நினைவுபடுத்தினார். "வேண்டாம் ஃபாதர், அன்னைக்கே மூணு தரமும் நனைஞ்சிருக்கா" என்றாள் ஜெனோவா, கண்ணை வீட்டுக்காரன் மேலிருந்து எடுக்காமலே.

கடைசியில் ஜெரால்டு குனிந்தான். ஒரு பாத்திரம் நிறைய எண்ணெயை இறக்குகிறவன் போலப் பிள்ளையை ரோட்டில் இறக்கி, இரண்டு கையையும் அதன் இரண்டு பக்கமும் தொடாமல் வைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டான். செலின் நின்றாள். அவள் அதுவரை ஒன்றையும் பிடிக்காமல் நின்றதில்லை. ஜெனோவா நாலு எட்டுத் தள்ளிப் போய் முட்டிபோட்டு உட்கார்ந்தாள், கையைக் கட்டிக்கொள்ளாமல் திறந்து வைத்துக்கொண்டாள், கண்ணையும் அப்படியே.

ஒரு செலின் வலது காலைத் தூக்கியிருந்தாள். ஒரு செலின் அதை ஊன்றியிருந்தாள். ஒரு செலின் சாய்ந்திருந்தாள், தெரு முழுக்க "ஏ" என்றது. ஒரு செலின் நிமிர்ந்திருந்தாள். ஒவ்வொரு செலினுக்கும் நடுவில் வெறும் ரோடு கிடந்தது, உப்புக்காற்றில் மணல் ஓடுகிற ரோடு. அந்த வெற்றிடத்தைப் பவுலம்மா கொஞ்சம் நிரப்பினாள், லைன்மேன் கொஞ்சம் நிரப்பினார், மிக்கேல், இமல்டா, ஞானத்தாய், கரண்டியோடு நின்ற மாமியார், ஆளுக்குக் கொஞ்சம் நிரப்பினார்கள், அவர்கள் நிரப்புவது அவர்களுக்கே தெரியவில்லை. அவர்கள் கண்டதெல்லாம் ஒரு பிள்ளை தத்தித் தத்தி, ஆனால் வழுவழுவென்று, நடந்து போவதைத்தான்.

பின்னால் குந்தியிருந்த ஜெரால்டு மட்டும் இன்னும் தன் இரண்டு கைக்கு நடுவில் இருந்த காலியிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெனோ" என்று கேட்டான், "நடுவுல நடுவுல இவ எங்கதான் போறா?"

"எங்கயும் போகல" என்றாள் ஜெனோவா. "என்கிட்ட வந்துட்டிருக்கா."